'லைட்' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் 'டார்க்' மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் பக்கங்களில் வெளியாகும் ஆங்கில எதிர்ச்சொல் பட்டியல்களைப் பற்றி எழுதுகிறேன். இடப்பக்கம் ஒரு சொல், நடுவில் பெருக்கல் குறி, வலப்பக்கம் ஒரு சொல் என்று முப்பது நாற்பது வரிகள் வருகின்றன. 'ஹாட்' × 'கோல்டு', 'டால்' × 'ஷார்ட்', 'லைட்' × 'டார்க்' என்று போகும். பார்க்க ஒழுங்காக இருக்கும். மனப்பாடம் செய்ய வசதியாகவும் இருக்கும். ஆனால் 'லைட்' போன்ற ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு எதிர்ச்சொல் என்பது ஆங்கிலத்தில் இல்லவே இல்லை. பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறதோ அதைப் பார்த்துத்தான் எதிர்ச்சொல் மாறும். பட்டியலை நம்பிய பிள்ளை 'லைட் பேக்' என்பதற்கு 'டார்க் பேக்' என்று எழுதிவிட்டு வந்தால், தவறு பிள்ளையுடையது அல்ல, பட்டியலுடையது.

கேட்பது ஒன்றுதான். எதிர்ச்சொல்லைச் சொல்லுக்குச் சொல்லாக அச்சிடாமல் தொடருக்குத் தொடராக அச்சிடுங்கள். காரணத்தை இந்த 'லைட்' ஒன்றை வைத்தே காட்டிவிடலாம்.

முதலில், இது ஒரு சொல்லே அல்ல. வெளிச்சம் என்று பொருள்படும் 'லைட்' வேறு. கனமில்லாத என்று பொருள்படும் 'லைட்' வேறு. இரண்டும் பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறு வேரிலிருந்து வந்தவை. காலப்போக்கில் ஒலியும் ஒன்றாகி, எழுத்தும் ஒன்றாகிவிட்டது. ஆங்கிலத்துக்கு உறவான ஜெர்மன் மொழி இன்றும் இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. அங்கே வெளிச்சம் 'லிஷ்ட்', கனமற்றது 'லைஷ்ட்'. டச்சு மொழியிலோ ஆங்கிலத்தைப் போலவே இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டன. நல்ல அகராதிகள் இந்த இரண்டையும் தனித்தனித் தலைச்சொற்களாக, ஓரத்தில் சிறிய எண் போட்டுத் தருவது இதனால்தான். நம் மொழியில் 'மாலை' என்பதற்கு எதிர்ச்சொல் கேட்டால் 'காலை' என்போம். கழுத்தில் போடும் மாலைக்கு அந்த எதிர்ச்சொல் பொருந்துமா? அதே கதைதான் இதுவும்.

மூன்றாவதாக ஒரு 'லைட்'டும் உண்டு. பறவை கிளையில் வந்து அமர்வதையும், வண்டியிலிருந்தோ குதிரையிலிருந்தோ இறங்குவதையும் குறிக்கும் வினை அது. கனமில்லாத 'லைட்'டின் வழியில் வந்தது. ஏறியிருந்தவர் இறங்கினால் குதிரையின் பாரம் குறையும் அல்லவா? இன்று 'அலைட்' என்ற வடிவம்தான் வழக்கத்தில் அதிகம். பயணத்தில் அதன் எதிர்ச்சொல் 'போர்டு', குதிரைக்கு 'மவுன்ட்'. இருட்டுக்கும் கனத்துக்கும் இங்கே வேலையே இல்லை.

வெளிச்சத்தின் குடும்பத்தைப் பார்ப்போம். 'லைட் ரூம்' என்றால் வெளிச்சமான அறை. எதிர் 'டார்க் ரூம்'. 'லைட் ப்ளூ' என்றால் வெளிர்நீலம். எதிர் 'டார்க் ப்ளூ'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'டார்க்' போதும். தமிழில் போதாது: அறை இருண்ட அறை, நிறம் அடர்நீலம் அல்லது கருநீலம். பட்டியல்களில் தமிழ்ப் பொருளும் சேர்த்துப் போடும்போது 'இருண்ட நீலம்' என்று வந்துவிடுவது, தொடரைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்ததன் விளைவு. பெயர்ச்சொல்லாக வரும் 'லைட்'டுக்கு 'டார்க்னஸ்' எதிர். ஓவியத்தில் மட்டும் 'லைட் அண்ட் ஷேட்' என்பார்கள். அங்கே ஒளிக்கு எதிர் இருள் அல்ல, நிழல்.

வினையாக வரும்போது இன்னும் கவனம் தேவை. மெழுகுவத்தியை 'லைட்' செய்தால் எதிர்ச்செயல் 'ப்ளோ அவுட்', ஊதி அணைப்பது. அடுப்பை, நெருப்பை 'லைட்' செய்தால் 'புட் அவுட்'. எழுத்து நடையில் 'எக்ஸ்டிங்க்விஷ்'. மின்விளக்குக்கு 'லைட்' என்ற வினையே வராது. 'டர்ன் ஆன்', 'டர்ன் ஆஃப்' என்பதுதான் வழக்கு. 'ஹர் ஃபேஸ் லிட் அப்' என்றால் அவள் முகம் மலர்ந்தது. இதற்கு எதிர் 'ஹர் ஃபேஸ் ஃபெல்', அதாவது முகம் வாடியது. 'மலர்ந்தது' என்பதற்கு 'இருண்டது' என்று இயந்திரம் போல எதிர் தேடினால் 'வாடியது' கைக்கு வராது.

இனி கனத்தின் குடும்பம். சிக்கல் அதிகம் இருப்பது இங்கேதான். பை, பெட்டி, உலோகம், தொழில்துறை எல்லாவற்றுக்கும் எதிர் 'ஹெவி'. போக்குவரத்துக்கும் 'ஹெவி', மழைக்கும் 'ஹெவி'. காற்றுக்கு வந்தால் மாறிவிடும். 'லைட் விண்ட்' என்பதற்கு எதிர் 'ஸ்ட்ராங் விண்ட்'. 'ஹெவி விண்ட்' என்பது இயல்பான வழக்கு அல்ல. பிரான்சிஸ் போஃபோர்ட் 1805இல் வகுத்த காற்றளவு முறையிலிருந்து வளர்ந்த அளவுகோலில் இதை அப்படியே பார்க்கலாம். அதில் 2ஆம் நிலை 'லைட் ப்ரீஸ்', மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர் வேகம். 6ஆம் நிலை 'ஸ்ட்ராங் ப்ரீஸ்', மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர். 'ஹெவி' என்ற சொல் அந்த வரிசையில் இல்லை. நம் பிள்ளைகள் 'ஹெவி விண்ட்' என்று எழுதுவதற்குக் காரணம் நம் மொழியில் இருக்கிறது. பலத்த மழை, பலத்த காற்று என்று இரண்டுக்கும் ஒரே அடையைப் போடுகிறோம். மழைக்குப் படித்த சொல்லைக் காற்றுக்கும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

தூக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறு சத்தத்துக்கும் விழித்துக்கொள்பவர் 'லைட் ஸ்லீப்பர்'. இடி விழுந்தாலும் எழாதவர் 'ஹெவி ஸ்லீப்பர்'. ஆனால் அவர் தூங்கும் தூக்கத்துக்குப் பெயர் 'டீப் ஸ்லீப்'. ஆளைச் சொல்லும்போது கனம், தூக்கத்தைச் சொல்லும்போது ஆழம்! 'லைட் ஸ்லீப்' × 'டீப் ஸ்லீப்', 'லைட் ஸ்லீப்பர்' × 'ஹெவி ஸ்லீப்பர்' என்று இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து அச்சிட்டால் ஒரு மாணவருக்கு இது வாழ்நாளுக்கும் மறக்காது. 'டீப் ஸ்லீப்பர்' என்று சொல்பவர்களும் உண்டு என்பதால், கேள்வி அமைப்பவர்கள் 'ஹெவி', 'டீப்' இரண்டையும் ஒரே கேள்விக்கு விருப்பங்களாகத் தரக் கூடாது.

தண்டனை 'லைட்' என்றால் எதிர் 'ஹெவி', 'ஹார்ஷ்', 'ஸ்டிஃப்' மூன்றும் பொருந்தும். ஒன்றை மட்டும் விடையாக வைத்து மற்றதற்கு மதிப்பெண் குறைப்பது நியாயம் அல்ல. வாசிப்பு 'லைட்' என்றால் 'சீரியஸ்'. இசை 'லைட்' என்றாலும் அப்படியே: 'லைட் மியூசிக்' நம் மெல்லிசை, அதற்கு எதிர் 'சீரியஸ்' அல்லது 'கிளாசிக்கல்'. உணவு, வேலை இவற்றுக்கு 'ஹெவி' சரியாக வரும்.

மண்ணில் ஒரு வியப்பு இருக்கிறது. உழவியலில் மணற்பாங்கான மண் 'லைட் சாயில்', களிமண் 'ஹெவி சாயில்'. எடை போட்டு வைத்த பெயர் இது அல்ல. ஒரே அளவு இடத்தை நிரப்பும் உலர்ந்த மணல் மண் பெரும்பாலும் களிமண்ணைவிட எடை கூடியதாகவே இருக்கும். உழுவதற்கு எளிது என்பதால் அது 'லைட்'; ஈரத்தில் கலப்பையில் ஒட்டி இழுக்கும் என்பதால் களிமண் 'ஹெவி'. அணு உலைகளைப் பற்றிய செய்திகளில் வரும் 'லைட் வாட்டர்', 'ஹெவி வாட்டர்' இணையிலோ உண்மையிலேயே எடைதான் வேறுபாடு. சாதாரண நீரின் மூலக்கூறு நிறை 18. கனநீரில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் இருப்பதால் 20. அதனால் கனநீரின் அடர்த்தி சுமார் 11 விழுக்காடு கூடுதல். 'லைட்' × 'ஹெவி' என்ற ஒரே இணைக்குள்ளும் பொருள் இப்படி இரண்டாகப் பிரிகிறது.

கூட்டுச்சொற்களில் எதிர்ச்சொல் ஊகத்துக்கு அடங்குவதில்லை. 'லைட் ஹார்ட்டட்' ஆளுக்கு 'ஹெவி ஹார்ட்டட்' எதிராக வரும். 'லைட் ஹார்ட்டட்' படத்துக்கு வராது, அங்கே 'சீரியஸ்' அல்லது 'சாம்பர்', அதாவது சோகம் கவிந்தது. 'லைட் ஹெட்டட்' என்றால் தலை கிறுகிறுப்பது. எதிர் 'கிளியர் ஹெட்டட்', தெளிவாக இருப்பது. 'லைட் ஃபிங்கர்டு' என்றால் கைநீளம், அதாவது திருட்டுக் கை. அதற்கு 'ஹெவி ஃபிங்கர்டு' என்று ஒன்று கிடையாது. 'ஹானஸ்ட்' என்பதுதான் பொருளுக்கு எதிர். 'லைட் இயர்' என்ற ஒளியாண்டுக்கு எதிர்ச்சொல்லே இல்லை. எதிர்ச்சொல் இல்லாத சொற்களும் உண்டு என்பதை எந்தப் பட்டியலும் மாணவருக்குச் சொல்வதில்லை.

ஒரு தொடரை மட்டும் தந்தாலும் சில இடங்களில் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 'லைட் க்ளோத்ஸ்' என்றால் வெளிர்நிற உடையா, மெல்லிய உடையா? முதலாவதற்கு எதிர் 'டார்க் க்ளோத்ஸ்'. இரண்டாவதற்கு 'வார்ம் க்ளோத்ஸ்' அல்லது 'ஹெவி க்ளோத்ஸ்'. இத்தகைய தொடர்களுக்கு முழு வாக்கியம் தரத்தான் வேண்டும். 'வெயில் அதிகம், அதனால் லைட் க்ளோத்ஸ் போடு' என்ற வாக்கியம்கூட இரண்டுக்கும் இடம் தரும். 'குளிர்கிறது, இந்த லைட் க்ளோத்ஸ் தாங்காது' என்றால் பொருள் ஒன்றாகிவிடும்.

நம் பேச்சுத் தமிழ் இன்னொரு குழப்பத்தைச் சேர்த்திருக்கிறது. 'லைட்டா தலைவலி', 'லைட்டா காய்ச்சல்', 'லைட்டா லேட்' என்கிறோம். இங்கே 'லைட்டா' என்பது 'கொஞ்சமா' என்ற பொருளில் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. அதில் குறை ஒன்றும் இல்லை. அதை அப்படியே ஆங்கிலத்துக்குத் திருப்பி 'லைட் ஹெடேக்', 'லைட் ஃபீவர்' என்று எழுதும்போதுதான் பிழை. தலைவலிக்கு ஆங்கிலத்தில் 'ஸ்லைட்' அல்லது 'மைல்ட்'. எதிர் 'சிவியர்' அல்லது 'பேட்'. காய்ச்சலுக்கு 'மைல்ட்' அல்லது 'ஸ்லைட்', எதிர் 'ஹை'. காயத்துக்கு 'ஸ்லைட்' அல்லது 'மைனர்', எதிர் 'சீரியஸ்'. 'லைட்டா எடுத்துக்கோ' என்று நாம் சொல்வதன் எதிர் 'சீரியஸா எடுத்துக்கோ' என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே யாரும் 'டார்க்கா எடுத்துக்கோ' என்பதில்லை. காது சரியாகத்தான் கேட்கிறது, பட்டியல்தான் அதைக் கெடுக்கிறது.

இந்த உணர்வு தமிழ் படிக்கும் பிள்ளைக்கு ஏற்கெனவே இருக்கிறது என்பதே இதில் நல்ல செய்தி. 'இள' என்ற அடையைப் பாருங்கள். இளவயதுக்கு எதிர் முதுவயது, இளம்பச்சைக்குக் கரும்பச்சை, இளஞ்சூட்டுக்குக் கடுஞ்சூடு, இளங்காய்க்கு முற்றிய காய். 'முதுபச்சை' என்று யாரும் சொல்வதில்லை. 'செம்' என்ற அடை இன்னும் அழகு. செந்நெல்லுக்கு எதிர் வெண்ணெல். அங்கே செம்மை என்றால் நிறம். செங்கோலுக்கு எதிர் கொடுங்கோல். அங்கே செம்மை என்றால் நேர், கொடுமை என்றால் வளைவு. திருக்குறளில் 55ஆவது அதிகாரம் செங்கோன்மை, 56ஆவது கொடுங்கோன்மை. செங்கோணத்துக்கோ எதிர்ச்சொல் இல்லை. ஒரு பக்கம் குறுங்கோணம், மறுபக்கம் விரிகோணம். 'செம்' × 'வெண்' என்று ஒற்றை வரியில் எழுதி மனப்பாடம் செய்யச் சொன்னால் எந்தத் தமிழாசிரியரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆங்கிலத்துக்கு மட்டும் ஏன் ஒப்புக்கொள்கிறோம்?

எதிர்ச்சொல் தேடும் மாணவர் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. கேட்கப்பட்ட சொல்லோடு ஒட்டி நிற்கும் பெயர்ச்சொல்லை முதலில் பிடிக்க வேண்டும். அந்தத் தொடரைத் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும்: லேசான பையா, வெளிர்நீலமா, மெல்லிசையா? பெரும்பாலும் அதிலேயே பாதி விடை வந்துவிடும். பிறகு மனத்தில் தோன்றும் எதிர்ச்சொல்லை அதே வாக்கியத்தில், அதே இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கடைசியாகத் திரும்பி வரும் சோதனை. கிடைத்த எதிர்ச்சொல்லுக்கு எதிர் கேட்டால், புறப்பட்ட சொல்லுக்கே வந்து சேர்கிறோமா? 'ஸ்ட்ராங் விண்ட்' என்பதற்கு எதிர் 'லைட் விண்ட்'. சரி, வந்து சேர்ந்துவிட்டோம். 'ஸ்ட்ராங் மேன்' என்றால் எதிர் 'வீக் மேன்', 'ஸ்ட்ராங் ஆக்சன்ட்' என்றால் 'ஸ்லைட் ஆக்சன்ட்'. ஆகவே 'லைட்' × 'ஸ்ட்ராங்' என்ற இணை காற்றோடு சரி, எல்லா இடத்துக்கும் எடுத்துப் போகக் கூடாது என்று அந்தச் சோதனையே சொல்லிவிடும்.

எதிர்ச்சொல்லையும் எதிர்மறையையும் குழப்புவது இன்னொரு பரவலான தவறு. 'நாட் ஹெவி' என்றால் 'லைட்' என்று ஆகிவிடாது, நடுத்தரமாகவும் இருக்கலாம். 'வெரி' சேர்த்துச் சொல்ல முடிகிற சொற்களுக்கெல்லாம் இப்படி நடுவில் இடம் இருக்கும். 'லிட்' × 'அன்லிட்' அப்படியல்ல: விளக்கு எரிகிறது, அல்லது எரியவில்லை, நடுவில் ஒன்றும் இல்லை. இரண்டு வகையையும் ஒரே பட்டியலில் கலந்து போடும்போது, 'நாட்' சேர்த்தால் எதிர்ச்சொல் வந்துவிடும் என்று மாணவர் முடிவு கட்டிவிடுகிறார்.

கேள்வி அமைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'லைட் என்பதன் எதிர்ச்சொல்லைத் தேர்ந்தெடு: டார்க், ஹெவி, டீப், சீரியஸ்' என்ற கேள்வியில் நான்குமே சரியான விடைகள். 'த சூட்கேஸ் வாஸ் லைட்' என்று வாக்கியம் தந்து, அதில் 'லைட்' என்பதை அடிக்கோடிட்டு, 'டார்க், ஹெவி, லவுட், ஃபுல்' என்று விருப்பங்களை மாற்றினால் கேள்வி ஒழுங்காகிவிடும். இதில் 'ஃபுல்' நல்ல பொறி. நிரம்பிய பெட்டி கனக்கும் என்று நினைப்பவரை அது சோதிக்கும். ஆனால் 'பெட்டி நிரம்பியிருந்தாலும் லைட்டாக இருந்தது' என்று சொல்ல முடியும் என்பதால் அது எதிர்ச்சொல் அல்ல.

பக்க அமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1852இல் பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் வெளியிட்ட ஆங்கிலச் சொற்களஞ்சியம், எதிரெதிர்க் கருத்துகளைப் பக்கத்தின் இரண்டு பத்திகளில் எதிரெதிரே வைத்தது. அதில் ஒளியும் இருளும் ஓரிடத்தில்; கனமும் கனமின்மையும் வேறோரிடத்தில். 'லைட்' ஒரு சொல்லாக அல்ல, பொருளுக்குப் பொருள் பிரிந்து உட்கார்ந்திருக்கும். மாணவர் பக்கத்துக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரு நாளைக்கு ஒரு சொல், அதற்கு ஏழெட்டுத் தொடர்கள் போதும். ஒவ்வொரு வரியிலும் ஆங்கிலத் தொடர், தமிழ்ப் பொருள், எதிர்த்தொடர் என மூன்று பத்திகள்:

லைட் பேக் – லேசான பை – ஹெவி பேக்
லைட் ப்ளூ – வெளிர்நீலம் – டார்க் ப்ளூ
லைட் விண்ட் – மென்காற்று – ஸ்ட்ராங் விண்ட்
லைட் ஸ்லீப் – மேலோட்டமான தூக்கம் – டீப் ஸ்லீப்
லைட் ரீடிங் – பொழுதுபோக்கு வாசிப்பு – சீரியஸ் ரீடிங்
லைட் எ கேண்டில் – மெழுகுவத்தி ஏற்று – ப்ளோ அவுட் எ கேண்டில்

முப்பது ஒற்றைச் சொற்கள் பிடிக்கும் இடம்கூட இதற்கு ஆகாது.

இதே முறையில் அடுத்து எடுத்துக்கொள்ளத் தக்க சொற்கள் பல உண்டு. 'ஷார்ட்' ஆளுக்கு 'டால்', கயிற்றுக்கும் நேரத்துக்கும் 'லாங்'. 'டால்' கட்டடத்துக்கு எதிர் பெரும்பாலும் 'லோ' என்றே வரும் என்பதால், 'டால்' × 'ஷார்ட்' என்ற வரிக்கும் தொடர் தேவைப்படுகிறது. 'ஓல்ட் மேன்' என்றால் 'யங் மேன்', ஆனால் 'ஓல்ட் ஃப்ரெண்ட்' என்றால் 'நியூ ஃப்ரெண்ட்'. வயது எண்பதானாலும் நேற்று அறிமுகமானவர் புதிய நண்பர்தான். 'ஹார்ட்' கேள்விக்கு 'ஈஸி', மெத்தைக்கும் தண்ணீருக்கும் 'சாஃப்ட்'. 'ட்ரை' துணிக்கு 'வெட்', சருமத்துக்கு 'ஆயிலி', மருத்துவர் சொல்லும் 'ட்ரை காஃப்' என்ற வறட்டு இருமலுக்கு 'ப்ரொடக்டிவ் காஃப்', அதாவது சளியோடு வரும் இருமல்.

'ரைட்' என்ற சொல்லுக்கு ஒரு நாள் முழுப் பத்தியே ஒதுக்கலாம். கைக்கு 'லெஃப்ட்', விடைக்கு 'ராங்', துணியின் நல்ல பக்கத்துக்கு 'ராங் சைடு'. உரிமை என்ற பொருளில் வரும் 'ரைட்'டுக்கு 'ட்யூட்டி' என்று பல பட்டியல்கள் போடுகின்றன. கடமை உரிமையின் எதிர்ச்சொல் அல்ல. ஒருவருடைய உரிமைக்கு ஈடாக இன்னொருவர் மேல் விழுவது அது, விற்பதும் வாங்குவதும் போல. அந்த வரியை மட்டுமாவது அடுத்த பட்டியலில் எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்பிக்கும் ஒரு வாசகர்